மூன்று விரல் இடைவெளி

ஐந்தாம் நம்பர் வண்டியின் எஞ்சின் கூட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தகரத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அறுந்த செயின் பக்கத்தில் செத்த பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. பூனை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூனை என்பது அண்ணி வைத்த பெயர். நடந்தால் சத்தம் கேட்காது. கூப்பிட்டால் பதில் வராது. எங்கே போய்த் தொலைந்தாள் என்று தேடினால் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அண்ணன் டர்ட் பைக் தடம் போட்டதிலிருந்து, அதாவது ஆறு வருடமாக, பகல் முழுக்க இந்த ஷெட்டில்தான்.

தடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேடும் பள்ளமுமாகச் சுற்றி வரும் ஒரு மண் பாதை. எட்டுச் சின்ன வண்டிகள். பிள்ளைகளும், பிள்ளைகளை விட ஆசை அதிகமுள்ள அப்பாக்களும் வந்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போவார்கள். அண்ணி கவுண்டரில் உட்காருவாள். அண்ணியின் தம்பி ஓட்டக் கற்றுக்கொடுப்பான். எல்லோரும் அவனை மாஸ்டர் என்பார்கள். ஒரு காலத்தில் தார் ரோட்டுப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பை கவுண்டர் மேசையில் பேனா செருகி வைக்கப் பயன்படுகிறது.

வண்டிகளைப் பார்த்துக்கொள்வது பூனை. அந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அண்ணன் முன்பு ரிப்பேர் கடை வைத்திருந்தபோது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பார்த்தது. பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டது.

மண்ணில் ஓடும் வண்டிக்குத் தினமும் சேவகம் வேண்டும். காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி, மிச்ச எண்ணெய் போக மறுபடி பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய் தடவாத ஸ்பாஞ்சு ஜன்னலில் கொசுவலைக்குப் பதில் மீன்வலை கட்டிய மாதிரி. புழுதி நேராக எஞ்சினுக்குள் போய்விடும். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக் கேட்க வேண்டும். இறுகிய கம்பி கணீர் என்னும், தளர்ந்தது மொத்தென்று ஊமையாக இருக்கும். குதித்துக் குதித்து ஓடுகிற வண்டியில் எந்த போல்ட்டும் சொன்ன இடத்தில் நிற்காது. அதனால் தினமும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும். கழுவும்போது சக்கர நடுவில் நேராகத் தண்ணீரைப் பீச்சக் கூடாது. உள்ளே போய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை மாஸ்டரிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவும் வாயால் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து ஒளித்து வைத்தாள். அவன் வேறு குழாய் வாங்கி வந்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஐந்தாம் நம்பரின் செயின் ஓட்டத்தில் அறுந்து, முன் பல்சக்கரத்தில் சுருட்டிக்கொண்டு, எஞ்சின் கூட்டைக் குத்தி உடைத்தது. ஓட்டியது பத்து வயதுப் பெண். மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் இல்லை. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவளுடைய அப்பா கவுண்டரில் கத்திய கத்து ஷெட்டு வரைக்கும் கேட்டது. அண்ணன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டதும் கேட்டது.

எட்டு மாதத்தில் இது மூன்றாவது. முதலில் இரண்டாம் நம்பரில் முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. அப்புறம் ஏழாம் நம்பரில் கியர் பெட்டிக்குள் பேரிங் போய்க் கரகரவென்றது. இப்போது இது. மூன்றும் சனி, ஞாயிறில் நடந்தவை. அதைக் கவனித்தவள் பூனை ஒருத்திதான். ஏன் என்பதும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன? குடத்துக்குள் விளக்கு.

அன்று சாயங்காலமே அண்ணன் ஷெட்டுக்கு வந்தான். ஆள் கனமானவன், குரல் மெல்லியது. ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான்.

"நான் உன்னைத் திட்டல. வயசாகுது, தனியா எட்டு வண்டி பாக்கறே. செவ்வாக்கிழமைலேருந்து டவுன்லேருந்து ஒர்க்ஷாப் வேன் வரும். வாரம் ரெண்டு நாள். அவங்க மெக்கானிக் பாத்துக்குவான். நீ ஹெல்மெட் கவுண்டர்ல அண்ணிகூட உக்காந்துக்கோ. நிழல், ஃபேன் எல்லாம் இருக்கு."

அவள் தலையாட்டினாள். அண்ணன் போன பிறகு அதே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஹெல்மெட் கவுண்டர்! தலை அளவு என்ன, பட்டை இறுக்கமா இருக்கா, கண்ணாடியைக் கழட்டுங்க என்று நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும். மீனைப் பிடித்து மரத்தில் விட்டு, அங்கே நிழல் இருக்கிறது என்றால் எப்படி?

நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், வண்டிகள் வாசலில் ஸ்டாண்டு போட்டு வரிசையாக நின்றன. ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் தரையைத் தொடாமல் கீழே இறங்கித் தொங்கும். செயினும் தொளதொளவென்று இருக்கும். யாரோ ஒரு அப்பா குனிந்து பார்த்தார்.

"என்னங்க, செயின் இப்படித் தொங்குது? இதுல என் பிள்ளைய ஏத்த மாட்டேன்."

மாஸ்டர் உடனே ஸ்பேனரை எடுத்தான். பின் அச்சைத் தளர்த்தி, செயினை இழுக்கும் இரண்டு பக்கத் திருகுகளையும் ஒன்றரைச் சுற்று இறுக்கினான். செயின் கம்பி மாதிரி நேராக நின்றது. அப்பாவுக்குத் திருப்தி. அண்ணி கவுண்டரிலிருந்து பார்த்து, "இப்பத்தான்டா பாக்கவே லட்சணமா இருக்கு" என்றாள். மறுநாளிலிருந்து காலையில் எட்டு வண்டிக்கும் லட்சணம் நடந்தது.

மண் வண்டியின் பின் சக்கரம் சாண் கணக்கில் ஏறி இறங்கும். ஆள் உட்கார்ந்ததும் சக்கரம் மேலே ஏற, செயின் தானாக இறுகும். அதனால்தான் ஸ்டாண்டில் நிற்கும்போது செயினுக்கும் அதன் கீழே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் நடுவில் மூன்று விரல் நுழைய வேண்டும். காலி வண்டியிலேயே விறைப்பாக இருந்தால், ஆள் ஏறிக் குதிக்கும்போது அதற்குப் போக இடம் இல்லை. ஒன்று பேரிங்கைத் தின்னும், இல்லையென்றால் அறும்.

இதைச் சொல்லத்தான் அன்றைக்கே அவள் மாஸ்டரின் பின்னால் போய் நின்றாள். அவன் திரும்பி, "என்னக்கா, டீயா?" என்றான். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீ எடுத்து வரப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். வார நாட்களில் ஏழரை மணிக்கு மாஸ்டர் டீ குடிக்கப் போவான். முதல் ஆள் வர எட்டரை ஆகும். அந்த நேரத்துக்குள் எட்டு வண்டிச் செயினையும் தளர்த்திவிடுவாள். மறுநாள் காலை அவன் இறுக்குவான். அவள் தளர்த்துவாள். கிணற்றில் ஒருத்தர் இறைக்க இன்னொருத்தர் ஊற்றுகிற கதை. தினமும் தளர்ந்து கிடப்பதைப் பார்த்தால் அவனுக்கே புரியும் என்று நினைத்தாள். அவனுக்குப் புரிந்தது வேறு.

"மாமா, இந்தச் செயின் என்ன ரப்பரா? நேத்து இறுக்கினது இன்னிக்கு நீண்டு கெடக்குது. மட்டமான சரக்கு!" என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் எட்டு வண்டிக்கும் உசத்தியான செயின் வாங்கிப் போட்டான். அன்றைக்கும் பூனை வாயைத் திறக்கவில்லை. புதுச் செயினை மாட்டியதே அவள்தான்.

சனி, ஞாயிறில் ஏழு மணிக்கே கூட்டம் வந்துவிடும். வண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், ஷெட்டுக்கு வராது. அந்த இரண்டு நாளும் விறைத்த செயினோடுதான் ஓட்டம். அவள் ஷெட்டு வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வண்டியும் மேட்டில் இறங்கும்போது வரும் அந்தக் கடக் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். பேசத்தான் வராது, எழுத வரும். எட்டு வண்டிக்கும் சேர்த்து அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எண்ணெய் மாற்றிய நாள், ஸ்பாஞ்சு கழுவிய நாள், எந்தக் கம்பி தளர்ந்தது, எல்லாம் தேதி போட்டு இருக்கும். அண்ணன் அதைப் படித்தால் விளங்கிவிடும். நோட்டைக் கொண்டு போய்க் கவுண்டரில் அவன் முன்னால் வைத்தாள். மாஸ்டர் அப்போதுதான் ஏழு வண்டிகளையும் லட்சணமாக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினான். இரண்டு பக்கம் தாண்டியதும் அவன் முகம் மாறியது.

"செயின் தளர்த்தினேன்... செயின் தளர்த்தினேன்... என்ன இது? திங்கள், தளர்த்தினேன். செவ்வாய், தளர்த்தினேன். தினமும் செயினைத் தளர்த்தியிருக்கே!"

"எங்க, குடுங்க பாப்போம்." அண்ணி நோட்டைப் பிடுங்கினாள். "அய்யோ அய்யோ! கைப்பட எழுதி வெச்சிருக்கா பாருங்க. திருடினவளே தேதி போட்டுக் குடுத்திருக்கா. என் தம்பி பாவம், செயின் நீளுதுன்னு கடைக்காரனோட சண்டை போட்டான்!"

"அக்கா, நீங்களா?" மாஸ்டர் வாயைப் பிளந்தான். "நான் இறுக்க இறுக்க நீங்களா அவுத்து விட்டீங்க? எம்மேல ஏதாச்சும் கோவமா?"

பூனை தான் செய்ததை மட்டும் எழுதியிருந்தாள். மாஸ்டர் செய்ததை ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்தவரைப் பற்றி எழுதி வைப்பது கோள் சொல்கிற மாதிரி என்று விட்டுவிட்டாள். இப்போது படிக்கிறவர்களுக்கு, நல்லாயிருந்த வண்டியை ஒரு பைத்தியம் தினமும் போய்க் கெடுத்த மாதிரி இருந்தது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்ள நோட்டு போட்டு, கோடு கிழித்து, தேதியும் போட்டிருக்கிறாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"இனிமே வண்டில நீ கைய வைக்காத. தம்பி, நேரமாச்சு. எறக்கு வண்டிய. ஏழு மணிக்கு நாலு பசங்க வர்றாங்க."

மாஸ்டர் இரண்டாம் நம்பரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். பூனைக்குச் சிராய்த்த முழங்கால் ஞாபகம் வந்தது. மேட்டில் ஏறும்போது அறுந்தது சரி. இறங்கும்போது அறுந்திருந்தால்? உடம்பெல்லாம் எரிந்தது. மாஸ்டர்மேல், அண்ணிமேல், லட்சணம் கேட்ட அந்த அப்பாமேல், எல்லோரையும் விடத் தன்மேல். அவள் நடந்து போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா."

அவள் விடவில்லை. "அண்ணா, உக்காரு."

"என்னது?"

"இதுல உக்காரு."

"நானா? இது பசங்க வண்டி. நான் உக்காந்தா வண்டிக்குக் கருமாதிதான்."

"உக்காருன்னு சொல்றேன்ல!"

அது கத்தல். நாற்பத்தொரு வருடத்தில் அண்ணன் அவளிடம் கேட்காத சத்தம். அவன் எதிர்க் கேள்வி கேட்காமல் வந்து காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். வண்டி முனகிக்கொண்டு கீழே அமுங்கியது.

"தம்பி, செயின்ல கைய வைங்க."

மாஸ்டர் குனிந்து விரலால் அழுத்தினான். அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினான். இரும்புத் தடி மாதிரி நின்றது.

"தள்ளுங்க வண்டிய."

அண்ணனோடு சேர்த்துத் தள்ளினான். ஒவ்வொரு அடிக்கும் செயின் கடக் கடக் என்றது. இத்தனை நாள் அவளுக்கு மட்டும் கேட்ட சத்தம் இப்போது நாலு பேருக்கும் கேட்டது. அவள் அண்ணனை எழுப்பிவிட்டு, எட்டாம் நம்பர் பக்கம் போய் அச்சைத் தளர்த்தி, திருகுகளைத் திருப்பி, செயினுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் மூன்று விரலை விட்டுக் காட்டினாள். வண்டியை இறக்கி மறுபடி அண்ணனை உட்கார வைத்தாள். செயின் இறுகியது. ஆனால் மாஸ்டரின் விரலுக்குக் கொஞ்சம் இடம் விட்டது. தள்ளினான். சத்தமே இல்லாமல் உருண்டது.

மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் ஓட்டின வண்டியில இப்படி இல்லையே..."

"அது தார் ரோட்டு வண்டி. அதுல பின் சக்கரம் இவ்வளவு ஏறி எறங்காது."

அண்ணி நோட்டை மேசையில் வைத்துவிட்டு, "அதெல்லாம் சரி, தொங்கினா பாக்க நல்லாவா இருக்கு?" என்றாள்.

அண்ணன் இறங்கி மூச்சு வாங்கினான். பூனை அவன் முகத்தைப் பார்த்தாள். பாராட்டு வரும் என்று நினைக்கிற அளவுக்கு அவள் குழந்தை இல்லை. ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

"இது எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"மொத நாளே."

"எட்டு மாசம்!" அவன் குரல் உடைந்தது. "மூணு எஞ்சின் போச்சு, அது போகட்டும். அந்தப் பொண்ணு விழுந்துச்சே. அவங்கப்பன் முன்னாடி நான் கைகூப்பிக்கிட்டு நின்னப்போ நீ எங்க நின்னே?"

"ஷெட்டுல."

"தெரியாம செஞ்சவனைக்கூட மன்னிச்சிடலாம். தெரிஞ்சும் வாயப் பொத்திட்டு இருந்தவளை என்ன பண்றது? வாய்க்குப் பூட்டு போட்டுச் சாவியத் தொலைச்சிட்டியா?"

அவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? மாஸ்டர்கூட வாய் திறந்து, "விடுங்க மாமா, நான்தானே இறுக்கினேன்" என்றான். அவள் அவனுக்காக எட்டு மாதத்தில் திறக்காத வாயை அவன் அவளுக்காக எட்டு நிமிடத்தில் திறந்துவிட்டான்.

அண்ணன் ஃபோனை எடுத்து வேன்காரனிடம் வரவேண்டாம் என்றான். பூனைக்கு நெஞ்சுக்குள் ஒரு போல்ட் தளர்ந்த மாதிரி இருந்தது.

"ஷெட்டு உன்னோடதுதான். ஆனா ஒண்ணு. காலைல வண்டி நிக்கிற எடத்துல இனிமே நீதான் நிக்கணும். செயின் தொங்குதேன்னு எவன் கேட்டாலும் நீதான் வாயத் தொறந்து பதில் சொல்லணும். இவனை நிக்க வெச்சா ஸ்பேனரை எடுத்துடுவான். சம்மதமா? தலையாட்டாதே. சொல்லு."

"...சம்மதம்."

"இவளா? பேசறதுக்கா?" அண்ணி சிரித்தாள். "வெளங்கிடும்."

மிச்சம் ஆறு வண்டிகளையும் அவளும் மாஸ்டருமாக அவசர அவசரமாகத் தளர்த்தினார்கள். கடைசி வண்டியை முடிக்கும்போது முதல் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகனோடு இறங்கினார். நேராக வரிசைக்கு வந்து, தெரிந்தவர் மாதிரி ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன செயின் இப்படித் தொங்குது?"

பூனை வாயைத் திறந்தாள். காற்று வந்தது. "அது... உக்காந்தா... மேல வரும்."

"எது மேல வரும்?"

"சக்கரம்."

"சக்கரம் ஏம்மா மேல வருது?" அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பேசற ஆள் வேற யாராவது இருக்காங்களா?"

மாஸ்டர் நாலடி தள்ளி நின்றான். ஸ்பேனர் வைக்கும் பையில் அவன் கை தானாகப் போனது. அவள் முறைத்த முறைப்பில் கையை வெளியே எடுத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்காரர் அடுத்த வண்டியைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். எல்லாம் தொங்கின. கவுண்டருக்குப் போனார். அண்ணி, "அவங்களத்தான் கேக்கணும் சார்" என்று கையைக் காட்டினாள். குரலில் அத்தனை சந்தோஷம். மனிதர் மறுபடி வந்தார்.

"எல்லாமே தொங்குதேம்மா?"

"எல்லாம் தொங்கத்தான் செய்யும்." இந்தத் தடவை வார்த்தை வந்தது, கோர்வையாக இல்லை, எரிச்சலாக வந்தது. "ஆள் ஏறினா செயின் தானா இறுகும். இப்பவே இறுக்கிட்டா ஏறினதும் அறுந்துடும். நேத்து அறுந்துச்சு. ஒரு பொண்ணு விழுந்துச்சு. ஏத்தறதுன்னா ஏத்துங்க."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். வியாபாரம் நடக்கிற இடத்தில் நேற்று நடந்ததையா சொல்வார்கள்? ஆனால் அந்த மனிதர் தாமே வண்டியில் உட்கார்ந்து, குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்து, இறங்கி, மகனை ஏற்றிவிட்டார். போகும்போது, "இதை மொதல்லயே ஒழுங்கா சொல்ல வேண்டியதுதானே" என்று முணுமுணுத்தார்.

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்வது என்னவோ குழாயைத் திறக்கிற மாதிரி. பூனைக்கு முதுகு நனைந்திருந்தது. எட்டு வண்டிக்கு எண்ணெய் மாற்றினால்கூட இவ்வளவு அலுப்பு இருக்காது. இதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வேகவேகமாக வரிசையைப் பார்த்து வந்தாள். பூனை விடவில்லை. அவள் பக்கத்தில் வருவதற்குள், ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

"செயின் அப்படித்தான் தொங்கும். மூணு விரல் எடம் இருக்கணும். ஆள் ஏறினா சரியாயிடும். பயப்பட ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா திகைத்து நின்றாள்.

"இல்லக்கா... பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்க வந்தேன். சின்னவன் அடக்கிட்டு நிக்கிறான்."

பூனைக்கு இருந்த வார்த்தை எல்லாம் செலவாகிவிட்டது. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.